கிறிஸ்தவ சொராரிட்டியில் சேருமுன்: பலரும் செய்யும் தவறுகள்

போன ஆகஸ்டில் என் தம்பி மனைவி டல்லாஸிலிருந்து போன் செய்தாள். "மைனி, பிள்ளை சொராரிட்டியில சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. கிறிஸ்டியன் சொராரிட்டியாம். அப்படின்னா நம்மூர் கன்னியர் மடம் மாதிரியா? இல்ல லேடீஸ் ஹாஸ்டலா?"

இரண்டும் இல்லை என்று விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. என் மகளும் இதே வழியில் போய் வந்தவள். அப்போது நாங்கள் செய்த தவறுகளும், பிறகு சபையில் மற்றக் குடும்பங்கள் செய்யப் பார்த்த தவறுகளும் இருக்கின்றன. அவற்றை எழுதி வைத்தால் அடுத்த ஆகஸ்டுக்கு யாருக்காவது உதவும் என்றுதான் இது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த மாணவர் சங்க வாழ்க்கையை "கிரீக் லைஃப்" என்பார்கள். அதற்கும் கிரேக்க நாட்டுக்கும் தொடர்பில்லை, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைக்கும் தொடர்பில்லை. 1776 டிசம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ஒரு சங்கம் தொடங்கி, தங்கள் கிரேக்கக் கொள்கை வாக்கியத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபை பீட்டா கப்பா என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வந்த சங்கங்களெல்லாம் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. ஆண்களுடையது ஃபிரட்டர்னிட்டி, பெண்களுடையது சொராரிட்டி. லத்தீனில் "சொரார்" என்றால் சகோதரி. கன்னியர் மடம் என்று என் தம்பி மனைவி நினைத்ததிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

"கிறிஸ்தவ" என்ற ஒரு சொல்லை நம்பிவிடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நான்கு வேறு வேறு சங்கதிகளை எல்லோரும் ஒரே பெயரில் சொல்கிறார்கள்.

ஒன்று, பழைய பெரிய சொராரிட்டிகள். இவற்றில் பல திருச்சபைக் கல்லூரிகளில் பிறந்தவை. ஆல்ஃபா டெல்டா பை 1851-ல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில், மெத்தடிஸ்டுகள் நடத்திய வெஸ்லியன் பெண்கள் கல்லூரியில் தொடங்கியது. கப்பா ஆல்ஃபா தீட்டா 1870-ல் இண்டியானாவில் இன்னொரு மெத்தடிஸ்ட் கல்லூரியில் தொடங்கியது. தொடங்கிய பெண்கள் ஆலயத்தில் வளர்ந்தவர்கள். அதனால் இப்படிப்பட்ட பழைய சங்கங்கள் பலவற்றின் சடங்குகளில் இன்றும் வேத வசன வாடை இருக்கும், சிலவற்றின் சின்னத்தில் சிலுவைகூட இருக்கும். அதை வைத்து "இது கிறிஸ்தவ சங்கம்" என்று முடிவுகட்டினால் ஏமாற்றம்தான். எந்த மதத்துப் பெண்ணும், மதமே இல்லாத பெண்ணும் அவற்றில் சேரலாம்.

இரண்டாவது, ஒரு மதத்தாருக்கென்று தொடங்கிப் பிறகு எல்லோருக்கும் கதவைத் திறந்தவை. கத்தோலிக்கப் பெண்களுக்குப் பல சொராரிட்டிகளில் வரவேற்பில்லாத காலத்தில், 1912-ல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தீட்டா ஃபை ஆல்ஃபா பிறந்தது. யூதப் பெண்கள் 1909-லேயே நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் ஆல்ஃபா எப்சிலான் ஃபை தொடங்கியிருந்தார்கள். இவற்றில் இன்று மதம் வரலாறாக இருக்கிறது, நிபந்தனையாக இல்லை.

மூன்றாவதுதான் நாம் பேசுகிற அசல் சரக்கு. கிறிஸ்துவை நடுவில் வைத்தே அமைக்கப்பட்டவை. ஆல்ஃபா டெல்டா கை 1925-ல் லாஸ் ஏஞ்சலிஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சிக்மா ஃபை லாம்ப்டா 1988-ல் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பிள்ளைகள் அதை "ஃபை லாம்ப்" என்பார்கள். சிக்மா ஆல்ஃபா ஒமேகா 1998-ல் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பையன்களுக்கு 1985-ல் ஆஸ்டினில் உருவான பீட்டா அப்சிலான் கை இருக்கிறது. "கிறிஸ்துவுக்குக் கீழ் சகோதரர்கள்" என்ற ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளைக் கிரேக்கத்தில் எழுதிய பெயர் அது. அந்தக் "கை" எழுத்தில்தான் கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற சொல்லே தொடங்குகிறது. நம் காதுக்கு மட்டும் அது எப்போதும் கையாகவே கேட்கும்.

நான்காவது, சங்கமே இல்லாத ஊழியங்கள். க்ரூ, இன்டர்வர்சிட்டி போன்ற மாணவர் ஊழியங்கள் சாதாரண சொராரிட்டிகளில் இருக்கும் பிள்ளைகளுக்கென்று தனி வேதபாடக் குழுக்கள் நடத்துகின்றன. பெண் முதல் வகைச் சொராரிட்டியில் இருந்துகொண்டே இதற்கும் போகலாம். "கிறிஸ்டியன் கிரீக் குரூப்பில் இருக்கிறேன்" என்று அவள் சொன்னால் இதில் எதைச் சொல்கிறாள் என்று கேட்டுவிடுங்கள். என் மகள் நான்காவதைச் சொன்னாள், நான் மூன்றாவது என்று நினைத்து இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

தேதியும் கையெழுத்தும்

பெரிய சொராரிட்டிகள் பல சேர்ந்து ஒரு தேசிய அமைப்பு உண்டு, நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ், 1902-ல் உருவானது. தெற்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இவற்றின் "ரஷ்", அதாவது ஆள் சேர்க்கும் திருவிழா, பெரும்பாலும் ஆகஸ்டில், வகுப்புத் தொடங்குவதை ஒட்டியே நடக்கும். பதிவெல்லாம் கோடை விடுமுறையிலேயே முடிந்துவிடும். 2021-ல் அலபாமா பல்கலைக்கழகத்து ரஷ் டிக்டாக்கில் பரவி உலகமே வேடிக்கை பார்த்ததே, அந்தத் திருவிழாதான். கிறிஸ்தவ சொராரிட்டிகள் இந்த அமைப்பில் இல்லை. அவை பொதுவாக வகுப்புத் தொடங்கிய பிறகு தங்கள் போக்கில் தனியாக ஆள் சேர்க்கும். ஆகஸ்ட் ரஷ்ஷைத் தவறவிட்டால் எல்லாம் போயிற்று என்று அழுவது வீண். அதே மாதிரி, பெரிய ரஷ்ஷுக்குப் பணம் கட்டிவிட்டு அங்கே கிறிஸ்தவ சொராரிட்டியைத் தேடுவதும் வீண்.

இந்தப் பெரிய ரஷ்ஷின் கடைசி நாளில் ஒரு கையெழுத்து வாங்குவார்கள். களைத்துப்போன பிள்ளைகள் படிக்காமலே போட்டுவிடும் கையெழுத்து அது. தனக்குப் பிடித்த சங்கங்களை வரிசைப்படுத்தி எழுதி, இவற்றில் எது அழைத்தாலும் ஏற்பேன் என்று ஒப்புக்கொள்வதாக அதற்கு அர்த்தம். அழைப்பு வந்தபின் வேண்டாம் என்றால், அந்த வளாகத்தில் அடுத்த முதன்மைச் சேர்க்கைக் காலம் வரை அந்த அமைப்பின் சங்கங்களில் வேறு எதிலும் சேர முடியாது. முறைப்படி தீட்சை பெற்று உறுப்பினராகிவிட்டாலோ, அந்த அமைப்புக்குள் இன்னொன்றுக்கு ஆயுளுக்கும் மாற முடியாது. அதனால், கிறிஸ்தவ சொராரிட்டியையும் மனதில் வைத்திருக்கும் பெண், இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்கலாமா என்று இரண்டு பக்கமும் கேட்டுவிட்டே பேனாவை எடுக்க வேண்டும். அந்த அழைப்பின் பெயர் "பிட்". நம் ஊர்ப் பரீட்சை ஹால் பிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தாத்தா பாட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விசுவாச அறிக்கையைப் படிக்காமல் போவது

நம் குடும்பங்களுக்கு இதுதான் அதிகம் இடிக்கும் இடம். இந்தச் சங்கங்களின் பேச்சும் பாட்டும் பெரும்பாலும் தனிப்பட்ட மனமாற்றத்தை வலியுறுத்தும் அமெரிக்க எவஞ்செலிக்கல் மரபைச் சேர்ந்தவை. நேர்முகத்தில் "உன் சாட்சியைச் சொல்" என்பார்கள். பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எந்தக் கூட்டத்தில், எந்த வயதில் இரட்சிக்கப்பட்டேன் என்று தேதியோடு சொல்லிவிடும். சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளையோ கத்தோலிக்கப் பிள்ளையோ திகைத்துப் போகும். குழந்தையாக ஞானஸ்நானம், பிறகு திடப்படுத்தல் அல்லது உறுதிபூசுதல், ஞாயிறுதோறும் ஆலயம், கிறிஸ்துமஸுக்கு கேரல். இதில் எந்த நாளைச் "சாட்சி" என்று சொல்வது? எங்கள் சபையில் ஒரு பெண் அங்கே பதில் தெரியாமல் நின்றுவிட்டு, தான் கிறிஸ்தவளே இல்லையோ என்ற சந்தேகத்தோடு வீட்டுக்கு வந்தாள். பாளையங்கோட்டையில் ஐந்து தலைமுறையாகக் கோயில் மணியடித்த குடும்பம் அது.

அந்தச் சங்கத்தின் மீது குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்த மொழியில் கேட்டார்கள். நாம்தான் முதலிலேயே, சங்கம் எதை நம்புகிறது என்று எழுதி வைத்திருக்கும் அந்த விசுவாச அறிக்கையை வாங்கிப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். கூடவே நடத்தை விதிகளும் இருக்கும்: குடி, டேட்டிங், ஆலய வருகை, சமூக ஊடகம். விதி கடுமையாக இருப்பது பெற்றோருக்கு இனிக்கலாம். மீறினால் என்ன நடக்கும், யார் விசாரிப்பார்கள், இருபது வயதுப் பெண்கள் நான்கு பேரா, வெளியிலிருந்து மூத்தவர்கள் யாராவது உண்டா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இந்துக் குடும்பத்து நண்பர்கள் சிலர் "கிறிஸ்டியன் சொராரிட்டி என்றால் குடி கூத்து இருக்காது, அதில் சேர்த்துவிடலாமா?" என்று என்னிடம் கேட்டதுண்டு. சில சங்கங்கள் விசுவாசத்தை வாயால் அறிக்கையிடுபவரை மட்டுமே சேர்க்கும். சில எல்லோரையும் வரவேற்கும், ஆனால் சுவிசேஷம் சொல்வது எங்கள் நோக்கம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். பாதுகாப்புக்காக மட்டும் அனுப்பினால் இரண்டு பக்கத்துக்கும் சங்கடம். தெற்காசியப் பெண்களுக்கென்றே சொராரிட்டிகள் உண்டு. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெல்டா ஃபை ஒமேகாவும் ஆஸ்டினில் கப்பா ஃபை காமாவும் 1998-ல் தொடங்கின. அவற்றையும் போய்ப் பார்க்கட்டும்.

ராகிங் இங்கே இருக்காது என்ற நம்பிக்கை

அமெரிக்காவில் அதற்குப் பெயர் ஹேசிங். நம் ஊர் ராகிங் கல்லூரிக்குப் புதிதாக வரும் யார் தலையிலும் விழும். ஹேசிங், சேரத் துடிக்கும் பிள்ளையின் தலையில் மட்டும் விழுவது. அதனால்தான் அது வெளியே வருவதில்லை. பிள்ளையே "நான் சம்மதித்துத்தானே செய்தேன்" என்று சொல்லும். மது இல்லாத சங்கத்தில் மதுவால் வரும் ஆபத்து குறைவு, உண்மை. ஆனால் இரவு முழுவதும் ஜெபம் என்று கட்டாயப்படுத்தித் தூக்கத்தைப் பறித்தாலும், எல்லோர் முன்னும் அந்தரங்கப் பாவங்களைச் சொல்லவைத்தாலும் அதுவும் ஹேசிங்தான். ஜெபம் என்று பெயர் வைத்ததால் அது மாறிவிடாது.

2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, அரசின் மாணவர் நிதியுதவி பெறும் கல்லூரிகள், ஹேசிங் விதி மீறிய மாணவர் அமைப்புகளின் விவரத்தை இணையத்தில் வெளியிட வேண்டும். சேருமுன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். பல்கலைக்கழக அங்கீகாரம் இல்லாத சங்கமாக இருந்தால் அந்தப் பட்டியலில் பெயர் வராமலே போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அங்கீகாரம் என்றதும் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகம், மத அடிப்படையில் உறுப்பினரை ஒதுக்கும் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடையாது என்றது. விசுவாசிகளை மட்டும் சேர்க்கும் ஆல்ஃபா டெல்டா கை கிளையும், ஆல்ஃபா காமா ஒமேகா என்ற கிறிஸ்தவ ஃபிரட்டர்னிட்டியும் வழக்குத் தொடுத்தன. 2011-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. ஆனால் எல்லாச் சங்கங்களுக்கும் ஒரே மாதிரி அதைப் பயன்படுத்தினார்களா என்று பார்க்கச் சொல்லிக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அதற்கு முந்தைய ஆண்டே, ஒரு கிறிஸ்தவச் சட்ட மாணவர் சங்கம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கல்லூரியின் பக்கம் நின்றிருந்தது. பின்னர் சில மாநிலங்கள் மதச் சங்கங்களுக்குச் சாதகமாகச் சட்டம் போட்டன. ஆக, ஒரே சொராரிட்டி ஒரு வளாகத்தில் பல்கலைக்கழக அறையில் கூடும், இன்னொன்றில் யாராவது வீட்டு வரவேற்பறையில் கூடும். எந்தக் கிளை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்காமல், தேசிய இணையதளத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப் பயம்

எதிர்ப்பக்கத்துத் தவறும் ஒன்று உண்டு. கிரேக்க எழுத்து என்றாலே விக்கிரக ஆராதனை என்று வரும் வீடியோக்கள். கறுப்பினப் பெண்களின் சொராரிட்டிகளில், முக்கியமாக 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா போன்றவற்றில், முன்பு இருந்தவர்கள் "நான் விலகுகிறேன், அந்த உறுதிமொழி பாவம்" என்று பேசும் பதிவுகள் நிறையச் சுற்றுகின்றன. அதே சங்கங்களில் போதகர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியைகளும் ஏராளம். எழுத்துதான் பிரச்சினை என்றால் புதிய ஏற்பாடே கிரேக்கத்தில் எழுதப்பட்டது. வெளிப்படுத்தின விசேஷத்தில் அல்பாவும் ஓமெகாவும் வருகின்றன. ரகசியச் சடங்கு பற்றிய கேள்வி வேறு, அது நியாயமானது. தீட்சை நாளில் என்ன உறுதிமொழி என்பதைப் பல சங்கங்கள் முன்கூட்டிச் சொல்லாது. கிறிஸ்தவ சொராரிட்டியிடமும் அதைக் கேட்கலாம். "சொல்லமாட்டோம்" என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பணத்தைப் பற்றி இரண்டு வரி. சொந்த மாளிகை வைத்திருக்கும் பெரிய சொராரிட்டியில் தங்கிச் சாப்பிட்டால் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர். கிறிஸ்தவ சொராரிட்டிகள் பலவற்றுக்கு வீடு இல்லை, அதனால் சந்தா குறைவு. ஆனால் முதல் பருவத்தில் தீட்சைக் கட்டணம், பேட்ஜ், ரிட்ரீட், ஒரே மாதிரி டி-ஷர்ட் என்று சில்லறையாகப் போகும். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சொராரிட்டி இருக்கிறதே என்று ஆலயத்தை விட்டுவிடுவதும் நடக்கிறது. அங்கே எல்லோருக்கும் பத்தொன்பது, இருபது வயது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவர், கணவரை இழந்தவர், பாடல் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கும் தாத்தா, யாரும் கிடையாது. நான்கு வருடம் கழித்து அந்தக் கூட்டம் கலைந்தபின் என் மகள் முதலில் தேடியது ஒரு தாத்தாவைத்தான் என்றாள்.

தம்பி மகள் கடைசியில் எதிலும் சேரவில்லை. செப்டம்பரில் மூன்று கூட்டங்களுக்குப் போனாள், விசுவாச அறிக்கையை எனக்கு அனுப்பினாள், இருவரும் ஒரு சனிக்கிழமை போனில் வரி வரியாகப் படித்தோம். வசந்தப் பருவத்தில் மறுபடி போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.