காயமுற்ற படைவீரருக்காக ஓடுவது எப்படி: டர்பன் ஓட்டக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடைபெறும் காம்ரேட்ஸ் ஓட்டம் போர்வீரர்களுக்காகவே தோன்றியது என்பதை, அலமாரி நிறையப் பதக்கம் வைத்திருப்பவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள். முதல் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனையில் நெடுந்தொலைவு நடந்து அலுத்துத் திரும்பிய விக் கிளாபம் என்ற ரயில் ஓட்டுநர், மாண்டுபோன தோழர்களின் நினைவாக இதைத் தொடங்கினார். 1921 மே 24 அன்று 34 பேர் புறப்பட்டு, 16 பேர் மட்டுமே ஓடி முடித்தார்கள். ஆகவே காயமுற்ற படைவீரரின் சிகிச்சைக்காக இந்தச் சாலையில் ஓட நினைப்பவர் புதிதாக எதையும் புகுத்தவில்லை. சாலை எதற்காக ஏற்பட்டதோ அதற்கே அதைத் திருப்பித் தருகிறார்.

காலணி வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. யாருக்கு உதவப் போகிறீர்களோ அவரிடம் போய் உட்கார்ந்து, என்ன தேவை என்று கேளுங்கள். எங்கள் குழு முதல் ஆண்டில் கேட்காமல் செய்தது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு பெரியவருக்குச் சக்கர நாற்காலி வாங்கி, மாலை போட்டுப் படமும் எடுத்துக்கொண்டோம். நாற்காலியின் அகலம் 66 சென்டிமீட்டர். அவர் வீட்டுக் குளியலறைக் கதவோ 60 சென்டிமீட்டர். அடுத்த மாதம் போனபோது நாற்காலியில் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது. "தம்பி, எனக்கு நாற்காலி வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு வண்டியைத்தான் பாருங்கள்" என்று அவர் சொன்னார். கோபமில்லாமல் சொன்னதுதான் எங்களுக்கு அதிகமாக உறைத்தது.

அவர் ஏன் வண்டி கேட்டார் என்பதைப் புரிந்துகொள்ள, இந்நாட்டில் முன்னாள் படைவீரருக்குச் சிகிச்சை எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் 18ஆம் எண் சட்டமான முன்னாள் படைவீரர் சட்டம் மருத்துவ வசதி, மனநல ஆலோசனை, வீட்டு வசதி போன்ற உரிமைகளை வகுத்துள்ளது. பழைய அரசின் படையில் இருந்தவர், அதை எதிர்த்து ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவான உம்கொண்டோ வே சிஸ்வேயில் போராடியவர், இன்றைய தேசியப் பாதுகாப்புப் படையில் பணியாற்றி விலகியவர் ஆகிய எல்லாரையும் அச்சட்டம் ஒரே சொல்லுக்குள் அடக்குகிறது. ஆனால் படைவீரர் துறையின் தரவுத்தளத்தில் பெயர் பதிவாகியிருந்தால்தான் உரிமை கைக்கு வரும். சிகிச்சையைப் படை மருத்துவச் சேவை அளிக்கிறது. அதன் மூன்று பெரிய மருத்துவமனைகள் பிரிட்டோரியாவை ஒட்டிய தாபா ட்ஷ்வானேயிலும், கேப் டவுனின் வைன்பர்க்கிலும், புளூம்ஃபொன்டெய்னிலும் இருக்கின்றன. மூன்றில் ஒன்றுகூட நம் மாகாணமான குவாசுலு-நாட்டாலில் இல்லை. அருகில் உள்ளவை எனச் சொல்லத்தக்க இரண்டுமே டர்பனிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர். அங்கே அனுப்பப்படுகிற ஒருவர், ஒற்றைக் காலோடு இரவுப் பேருந்தில் போய், மருத்துவரைப் பார்த்துவிட்டு மறுநாள் இரவு திரும்புவது எத்தகைய துன்பம் என்பதை ஓட்டக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

எனவே நம் பணம் செய்யக்கூடிய முதல் உதவி, பயணம், துணைக்குப் போகிறவரின் செலவு, ஓர் இரவுத் தங்கல் ஆகியவை. இரண்டாவது உதவிக்குப் பணமே தேவையில்லை. பதிவுக்கு வேண்டிய படிவங்களை நிரப்பி, அடையாள அட்டைப் பிரதிக்குக் காவல் நிலையத்தில் சான்று முத்திரை வாங்கி, படை எண்ணைத் தேடிக் கொடுத்து, பதில் வரும்வரை விடாமல் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் வேண்டும். உங்கள் குழுவில் ஓட முடியாத, ஆனால் அலுவலக வேலையில் கெட்டிக்காரரான ஓர் அக்கா கட்டாயம் இருப்பார். இந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படையுங்கள். மூன்றாவது, செயற்கைக் கால் தொடர்பான சிறு செலவுகள். காலை ஒருமுறை பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று வெளியார் நினைக்கிறார்கள். வெட்டுண்ட காலின் எஞ்சிய பகுதி முதல் ஓராண்டில் மெலிந்து வடிவம் மாறுவதால், அது நுழையும் கிண்ணத்தைத் திரும்பவும் அளவெடுத்துச் செய்யவேண்டி வரும். உள்ளே போடும் உறையும் தேய்ந்துபோகும். பொருந்தாத கிண்ணம் தோலைப் புண்ணாக்கும். புண் ஆறும்வரை காலை மாட்ட முடியாது. மாட்டாமல் இருக்கும் வாரங்களில் உடல் வலுவிழக்கும்.

பணத்தை எங்கே சேர்ப்பது என்பதில் உணர்ச்சிக்கு இடம் கொடுக்காதீர்கள். சொந்த வங்கிக் கணக்கில் ஒரு ராண்ட்கூட வாங்க வேண்டாம். 1921ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் தென்னாப்பிரிக்க லீஜியன், 1927ஆம் ஆண்டு டர்பனிலேயே சார்லஸ் எவெண்டன் தொடங்கிய மாத் அமைப்பு ஆகியவை நெடுங்காலமாக முன்னாள் வீரர்களோடு பழகியவை. எந்த அமைப்பானாலும் இலாபநோக்கமற்ற அமைப்பு என்ற பதிவு எண்ணைக் கேளுங்கள். அத்தோடு வருமான வரிச் சட்டத்தின் 18அ பிரிவுச் சான்று தர அதற்கு அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். அந்தச் சான்று இருந்தால் நன்கொடையாளர் தம் வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். தனிநபர் வரியாண்டு பிப்ரவரி இறுதியில் முடிவதால், சம்பளக்காரர்களையும் கடைக்காரர்களையும் பிப்ரவரி நடுவில் அணுகுவதே புத்திசாலித்தனம். ஓட்டம் வழக்கமாக ஜூனில் நடந்தாலும், நிதி திரட்டும் காலம் அதற்கு நான்கு மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது.

திரட்டும் முறையில் நம் ஊருக்குக் கைவந்தது பிரியாணி டப்பா விற்பனை. அதை விட்டுவிடாதீர்கள், ஆனால் டப்பா வாங்கியவருக்கு 18அ சான்று கிடையாது, ஏனெனில் அவர் பணத்துக்குச் சோறு பெற்றுவிட்டார். குலுக்கல் சீட்டு விற்பது லாட்டரிச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவதால், அதைவிடப் பிரியாணியே மேல். எனக்குப் பிடித்த முறை கிலோமீட்டர் கணக்கில் உறுதி வாங்குவது. பந்தய நாளின் சுமார் 90 கிலோமீட்டருக்கு மட்டும் கணக்கிட்டால் தொகை சிறுத்துப்போகும். சனவரி முதல் சூன் வரை ஓடும் பயிற்சித் தூரம் முழுவதற்கும் உறுதி வாங்குங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஒரு மாமா கிலோமீட்டருக்கு 50 சென்ட் தந்தால் 500 ராண்ட் ஆகிறது. மழை பெய்கிறதே என்று நீங்கள் படுக்கையில் புரளும் காலையில் அந்த மாமாவின் முகமும் நினைவுக்கு வரும்.

சிலர் "அந்தப் படைக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று கேட்பார்கள். வாதம் செய்யாமல் ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். 1899ஆம் ஆண்டு தொடங்கிய ஆங்கிலேயர்-போயர் போரில் காந்தி திரட்டிய நாட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். காயமுற்றவர்களைத் தூளியில் சுமந்துகொண்டு சில நாட்களில் 20 மைலுக்கு மேல் நடந்தார்கள். காயம்பட்டவர் எந்தக் கொடியின்கீழ்ப் போரிட்டார் என்ற வழக்கை அவர்கள் தீர்க்கவில்லை; தூக்கிச் சென்றார்கள். காயங்கள் பழங்காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 2025 சனவரியில் காங்கோவின் கோமா பகுதியில் நடந்த சண்டையில் 14 தென்னாப்பிரிக்க வீரர்கள் மாண்டார்கள்.

விளம்பரத்தில் ஒரு கட்டுப்பாடு தேவை. வீரரின் பெயரையும் நோயையும் படத்தையும் வாட்சப்பில் பரப்பாதீர்கள். உடல்நலச் செய்தியைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறப்பாகக் காக்கிறது என்பது ஒரு காரணம். தம் வெட்டுண்ட காலைப் பேத்தியின் பள்ளித் தோழிகள் கைபேசியில் பார்ப்பதை யாரும் விரும்பமாட்டார்கள் என்பது மற்றொன்று. "மூன்று பேரின் ஆறு மாத மருத்துவப் பயணத்துக்காக" என்று எழுதினாலே போதும்.

இனி ஓட்டம். காம்ரேட்ஸில் சேர, அண்மை ஆண்டுகளின் விதிப்படி, 42.2 கிலோமீட்டர் மாரத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் முடித்திருக்க வேண்டும். ஒரு மாரத்தான்கூட ஓடாதவர் முதல் ஆண்டில் காம்ரேட்ஸை நினைக்கவே வேண்டாம். கடற்கரையில் சனிக்கிழமை காலை நடக்கும் 5 கிலோமீட்டர் பார்க்ரன்னில் தொடங்கி, அரை மாரத்தானுக்கே நிதி திரட்டலாம். கொடுப்பவர்கள் தூரத்தை அளப்பதில்லை. தகுதி பெற்றவர்கள் 12 மணி நேர வரம்பைக் கணக்கில் கொள்ளுங்கள்: 90 கிலோமீட்டருக்கு அது கிலோமீட்டருக்கு 8 நிமிடம். ஏற்றங்களில் நடப்பதற்கு வெட்கப்படாதவர்களே இந்த வேகத்தைக் காப்பாற்றுகிறார்கள். கௌயீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இஞ்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்ற ஐந்து குன்றுகளும் இரு திசையிலும் காத்திருக்கின்றன. ஓட்டத்தின் திசை பொதுவாக ஆண்டுக்கு ஆண்டு மாறும்; டர்பனை நோக்கி இறங்கும் ஆண்டு எளிது என்று நம்ப வேண்டாம். தொடைத் தசையை இறக்கமே கிழிக்கிறது. சாட்ஸ்வர்த் மேடுகளில் வாரம் ஒருமுறை மெதுவாக இறங்கிப் பழகுங்கள்.

காவடி விரதம் இருப்பவர்கள் விரத நாட்களில் தூரத்தைக் குறைத்துக்கொண்டு, பருப்பு, தயிர், கொண்டைக்கடலை ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். பிப்ரவரிப் புழுக்கத்தில் விடியுமுன் ஓடி முடிப்பது நல்லது. தண்ணீரைத் தாகத்துக்கு மட்டும் குடியுங்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை, காம்ரேட்ஸில் மயங்கி விழுந்தவர்களை ஆராய்ந்த மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸ் 1985ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஓடும்போது ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். வியர்த்து வற்றிய உடலில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீரர் ஒருவர் உங்களோடு ஓடவோ நடக்கவோ முன்வந்தால் அதுவே மிகச் சிறந்த உதவி. முதலில் அவருடைய மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள். செயற்கைக் கால் உள்ளவர் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை உட்கார்ந்து, உறையைக் கழற்றி வியர்வையைத் துடைக்க வேண்டும். ஒரு துண்டும் மாற்று உறையும் உங்கள் பையில் இருக்கட்டும். போரின் நினைவால் மனம் புண்பட்டவர் என்றால், துப்பாக்கி வெடியோடு தொடங்கும் போட்டிகளில் கூட்டத்தின் கடைசியில் நில்லுங்கள்; வெடிக்கப்போகும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீபாவளி இரவில் அவரைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். பத்தாவது கிலோமீட்டரில் அவராகச் சொன்னால் கேட்டுக்கொண்டே ஓடுங்கள்.

ஓட்டம் முடிந்த இரண்டு வாரத்துக்குள், எவ்வளவு வந்தது, எங்கே சேர்ந்தது, எத்தனை பயணத்துக்குப் போதும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, உறுதி தந்த ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். சூன் மாதத்தின் முதல் மருத்துவப் பயணத்துக்கு வண்டி ஓட்டப்போகிறவர் யார் என்பதை மட்டும் பந்தயத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்; காம்ரேட்ஸ் ஓடிய கால் ஒரு வாரத்துக்குக் கிளட்சை மிதிக்காது.