மனத்தாங்கல் எழும்போது என்ன செய்வது: ரமணர் காட்டிய விசார வழியில் மன்னிப்புப் பயிற்சி

மன்னிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர்களில் பலர் தொடங்கும் இடத்திலேயே சிக்கிக்கொள்கிறார்கள். தமக்குத் தீங்கு செய்தவரை மனத்தின் முன் நிறுத்தி, அவருடைய சூழ்நிலையை எண்ணிப் பார்த்து, அவர் பக்கத்து நியாயத்தையும் தேடிப் பார்த்து, கடைசியில் அவருக்கு எந்த நியாயமும் கிடையாது என்ற முடிவுக்கே மறுபடியும் வந்து சேர்கிறார்கள். பழைய கசப்போடு, மன்னிக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷி (1879–1950) காட்டிய வழி வேறு முனையில் தொடங்குகிறது. தீங்கு செய்தவரைப் பார்ப்பதற்கு முன்னால், புண்பட்டது யார் என்று பார்க்கச் சொல்கிறது. மன்னிப்புக்கென்று அவர் தனியாக ஒரு முறையை வகுத்துத் தரவில்லை. ஆனால் 'நான் யார்' என்று கவனத்தை உள்ளே திருப்பும் அவருடைய ஆன்ம விசாரத்தை அன்றாட மனத்தாங்கல்களில் பழகிப் பார்க்கிறவர்களுக்கு, மன்னிப்பும் உள்ளிருந்து கிடைக்கும் வழிகாட்டுதலும் ஒரே பயிற்சியில் விளைபவை என்பது விளங்கும். அந்தப் பயிற்சியை வீட்டிலும் வேலையிடத்திலும் செய்வது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன்.

1924-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி இரவில் நடந்ததை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. இந்தப் பயிற்சியைப் பற்றி எழக்கூடிய ஐயங்கள் பலவற்றுக்கு அதில் விடை இருக்கிறது. ரமணருடைய அன்னை அழகம்மாளின் சமாதியை ஒட்டி மலையடிவாரத்தில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். தாங்கள் பிச்சை எடுத்து உண்ணும் சாதுக்கள், பணம் இல்லை, இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்றார் ரமணர். அவர்கள் விளக்குக் கேட்டபோது கொடுக்கச் சொன்னார். பிறகு உள்ளே இருந்தவர்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார். வெளியே வரும்போது அடி விழுந்தது. அவருக்கு இடது தொடையில் பட்டது. போதாவிட்டால் மற்றொரு காலிலும் அடிக்கலாம் என்று அவர்களிடம் சொன்னார். இளம் சீடர் ஒருவர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு திருப்பித் தாக்கப் புறப்பட்டபோது, அவர்கள் தங்கள் வழியில் நடக்கிறார்கள், சாதுக்களாகிய நாம் நம் தர்மத்தை விடலாகாது என்று தடுத்தார். பல் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லைத் தட்டி எறிந்துவிடுகிறோமா என்றும் கேட்டார்.

இந்த நிகழ்ச்சியை ஒரு மகானின் பெருமையாக மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பயிற்சி செய்ய விரும்புகிறவர் இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். நடந்தது தவறில்லை என்று அவர் சொல்லவில்லை. உடன் இருந்தவர்களை அடிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்படியும் சொல்லவில்லை. வெளியே அழைத்து வந்தார். பின்னர் போலீஸ் விசாரணை நடந்தது. அதை அவர் தடுக்கவும் இல்லை. அவர் மறுத்தது ஒன்றைத்தான்: எதிரில் இருப்பவர் செய்த செயல், தாம் செய்யப்போகும் செயலைத் தீர்மானிக்க அவர் இடம் கொடுக்கவில்லை. மன்னிப்பு என்று நான் இங்கே சொல்வது இந்த மறுப்பைத்தான்.

நாள்தோறும் சிறிது நேரம் அமர்தல்

கோபம் வந்த பிறகு விசாரத்தைத் தொடங்கலாம் என்று காத்திருந்தால் அது நடக்காது. கோபம் இல்லாத வேளையில் பழகியிருந்தால்தான் கோபம் வந்த வேளையில் அது கைகொடுக்கும். ஆகவே காலையில், கைபேசியைத் தொடுவதற்கு முன்னால், கால் மணி நேரமாவது தனியாக உட்காருங்கள். பூஜை அறை வேண்டும் என்பதில்லை, பத்மாசனமும் வேண்டியதில்லை. மனம் மிகவும் அலைந்தால் மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் சிறிது நேரம் கவனியுங்கள். மூச்சைக் கவனிப்பது மனத்தை அடக்க உதவும், ஆனால் அந்த அடக்கம் தற்காலிகமானதே என்று ரமணர் சொன்னதையும் நினைவில் வைத்துக்கொண்டு, மனம் சற்று நின்றதும் விசாரத்துக்கு வந்துவிடுங்கள்.

விசாரம் இதுதான். ஓர் எண்ணம் எழுகிறது. அதைத் துரத்தவும் வேண்டாம், பின்தொடரவும் வேண்டாம். இந்த எண்ணம் யாருக்கு எழுந்தது என்று கேளுங்கள். எனக்கு என்ற பதில் சொல்லாமலே தெரியும். அப்படியானால் இந்த நான் யார் என்று, அந்த 'நான்' என்ற உணர்வின் மீதே கவனத்தைத் திருப்புங்கள். 1902-ஆம் ஆண்டு வாக்கில், மௌனமாக இருந்த இளம் துறவியான ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு எழுத்திலேயே கிடைத்த விடைகளின் சாரமும் இதுவே. இரண்டு தவறுகள் இதில் எளிதாக நேரும். ஒன்று, 'நான் யார்' என்பதை மந்திரம்போல் உருப்போடுவது. இது ஜபம் அல்ல. மற்றொன்று, 'நான் ஆன்மா', 'நான் பிரம்மம்' என்று படித்த விடையை உடனே எடுத்து வைத்துவிடுவது. அதுவும் இன்னோர் எண்ணம்தான். கவனம் திரும்பினால் போதும். அது ஒரு கணம் நின்று மறுபடி ஓடிவிடும். மறுபடியும் திருப்ப வேண்டும். பல மாதங்களுக்கு இதைத் தவிர வேறொன்றும் நிகழாமல் இருக்கலாம், அதனால் பயிற்சி வீணாகவில்லை.

சுடும் வேளையில்

ஒரு குடும்ப நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோரின் ஆழமான மனத்தாங்கல்கள் உறவுகளிடம்தான் இருக்கின்றன. தங்கை மகளுக்குத் திருமணம். தாய்மாமனுக்கு நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைக்க வேண்டிய பத்திரிகை, வாட்ஸ்அப்பில் ஒரு படமாக வந்து சேர்கிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் நெஞ்சில் ஒரு சூடு ஏறுகிறது. அடுத்த நொடியே மனம் கதை சொல்லத் தொடங்கிவிடுகிறது: காதுகுத்துக்கு நான் எவ்வளவு செய்தேன், வீடு கட்டும்போது யார் ஓடி வந்தது, மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் நேரில் போகத் தெரிகிறதா.

இங்கே முதலில் செய்ய வேண்டியது, பதில் அனுப்பாமல் இருப்பது. கைபேசியை வைத்துவிட்டு, அந்தச் சூடு உடலில் எங்கே இருக்கிறது என்று உணருங்கள். பிறகு கேளுங்கள்: இந்த வலி யாருக்கு? எனக்கு. எந்த எனக்கு? உற்றுப் பார்த்தால் 'தாய்மாமன்' என்ற ஒரு நிலை வந்து நிற்கும். 'இவ்வளவு செய்தவன்' என்ற ஒரு கணக்கு வந்து நிற்கும். 'மதிக்கப்பட வேண்டியவன்' என்ற ஒரு வடிவம் வந்து நிற்கும். இவை ஒவ்வொன்றும் 'நான்' என்பதன் மேல் ஏறி உட்கார்ந்தவை. இவற்றைத் தவறு என்று கடிந்துகொள்ள வேண்டாம். தாய்மாமன் என்பது பொய்யான உறவும் அல்ல. இவை யாருக்குத் தோன்றுகின்றன என்று மேலும் ஓர் அடி உள்ளே போவதுதான் வேலை. சூடு உடனே தணியாது. ஆனால் அந்தச் சூட்டுக்கு விறகு போட்டுக்கொண்டிருந்த கதை நின்றுவிடும், ஏனென்றால் கதைக்குக் கேட்பவர் வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த கவனம் இப்போது வேறு பக்கம் திரும்பிவிட்டது.

இதை ஆராய்ச்சியாக ஆக்கிவிடக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். 'தங்கைக்கு வேலை அதிகமாக இருந்திருக்கும்', 'இந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான்' என்பவை சமாதானங்கள்; அவை உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அவை மறுபடியும் தங்கையைப் பற்றிய எண்ணங்களே. விசாரத்தின் நோக்கம் அவள் மீதான வழக்கை அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பது அன்று. வழக்குத் தொடுத்தவரைக் காண்பதே அதன் நோக்கம்.

அலுவலகத்தில் மேலதிகாரி பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளும்போது இவ்வளவு விரிவாகச் செய்ய நேரம் இருக்காது. அங்கே 'யாருக்கு?' என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, வேலையைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மீதியை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய காயங்கள்

பாகப்பிரிவினையில் ஏமாற்றப்பட்டது, இளமையில் பெற்றோர் காட்டிய பாரபட்சம் போன்ற பல்லாண்டுக் காயங்களைத் தோண்டி எடுத்து மன்னிக்க முயல வேண்டாம். அமர்ந்திருக்கும்போது அவை தாமாகவே வரும். வரும்போது, மற்ற எண்ணங்களைப் போலவே அவற்றையும் எழும் இடத்திலேயே சந்தியுங்கள். நூறு முறை வந்தால் நூறு முறையும் அதுவே. விசாரம் தமக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னவர்களுக்கு ரமணர் சரணாகதியைச் சொன்னார். இரண்டும் சென்று சேரும் இடம் ஒன்றே என்றார். பக்தி மனம் உடையவர்களுக்குப் பழைய காயங்களில் இந்த வழி அதிகம் உதவும் என்பது என் எண்ணம். 'இந்தக் கணக்கை நான் தீர்க்கப்போவதில்லை, உன்னிடம் விட்டுவிட்டேன்' என்று இஷ்ட தெய்வத்திடம் ஒப்படைப்பது அது. ஆனால் ஒப்படைத்த பிறகு, 'அவனுக்கு இன்னும் தண்டனை கிடைக்கவில்லையே' என்று தெய்வத்திடம் போய் விசாரித்துக்கொண்டிருந்தால் ஒப்படைக்கவில்லை என்றே பொருள்.

உள்ளிருந்து வரும் வழிகாட்டுதலை அறிதல்

கதை அடங்கிய பிறகு, என்ன செய்யலாம் என்பது பல வேளைகளில் தெளிவாகவே தெரிந்துவிடும். குரு வெளியிலிருந்து மனத்தை உள்முகமாகத் தள்ளுகிறார், உள்ளிருந்து இழுக்கவும் செய்கிறார் என்று ரமணர் விளக்கியிருக்கிறார். அந்த உள்ளிழுப்பைத்தான் வழிகாட்டுதல் என்கிறேன். காதில் கேட்கும் குரலையோ கனவில் வரும் அடையாளத்தையோ இதற்காக எதிர்பார்க்க வேண்டாம். மனத்தில் தோன்றும் ஒவ்வோர் உந்துதலையும் இறைவனின் கட்டளை என்று எடுத்துக்கொள்வது மிகவும் ஆபத்தானது. அகந்தைக்குப் பக்தியின் மொழியும் நன்றாகவே பேசத் தெரியும். எனவே சோதித்துப் பார்க்க வேண்டும்.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், பதினாறு வயது வேங்கடராமன் (ரமணரின் இயற்பெயர்) மதுரை வீட்டை விட்டு அருணாசலத்துக்குப் புறப்பட்டபோது எழுதி வைத்த கடிதம் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. தன் தகப்பனாரை, அதாவது அருணாசலத்து இறைவனை, தேடிக்கொண்டு, அவருடைய உத்தரவின்படி புறப்பட்டுவிட்டதாக அதில் எழுதியிருந்தார். உள்ளிருந்து வந்த உத்தரவு என்பதில் அவருக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனாலும் இதற்காக யாரும் விசனப்பட வேண்டாம், தேடுவதற்குப் பணம் செலவிட வேண்டாம் என்று வீட்டாருக்குச் சொல்லியிருந்தார். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் பயணத்துக்கு மூன்று மட்டும் எடுத்துக்கொண்டு, சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும் எழுதி, மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். தலை போகிற அழைப்பின் நடுவிலும் பிறர் பணத்தின் கணக்கும் பிறர் மனத்தின் கவலையும் விடுபட்டுப் போகவில்லை.

ஆகவே உங்களுக்குள் தோன்றுவது, பிறருக்கு நீங்கள் தர வேண்டியதை மறக்கச் சொல்கிறதா என்று பாருங்கள். மறக்கச் சொன்னால் அதை நம்ப வேண்டாம். உடனே செய், இப்போதே சொல் என்று அவசரப்படுத்துவதும் பெரும்பாலும் கோபத்தின் வேலைதான். உண்மையான தெளிவு ஓர் இரவு உறங்கி எழுந்த பிறகும் அப்படியே இருக்கும். மேலும், அது சொல்வது பொதுவாகச் சிறிய காரியமாகவே இருக்கும். பத்திரிகை விஷயத்தில், தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, 'கல்யாண வேலைக்கு ஆள் வேண்டுமா அம்மா, நான் எப்போது வரட்டும்?' என்று கேட்கத் தோன்றலாம். 'நீ நேரில் வந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்' என்று நேராகச் சொல்லிவிடத் தோன்றலாம். இரண்டும் சரியானவையாக இருக்கலாம். நஞ்சில்லாமல் சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி.

விலக வேண்டிய இடத்தில் விலகுதல்

குடித்துவிட்டு அடிக்கும் கணவனை, மிரட்டும் உறவினரை, பாலியல் தொல்லை தரும் மேலாளரை மன்னித்துக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும் என்று இந்த வழி ஒருபோதும் சொல்லவில்லை. திருவண்ணாமலைக்கு வந்த தொடக்கத்தில், தம் மீது கல்லெறிந்த சிறுவர்களிடமிருந்து ஒதுங்கி, ஆயிரங்கால் மண்டபத்தின் அடியில் உள்ள பாதாள லிங்கக் குகைக்குள் போய் இருந்தவர்தான் ரமணர். விலகுவதற்கு வெறுப்பு தேவையில்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள். பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். புகார் கொடுக்க வேண்டுமென்றால் கொடுங்கள். அடி வாங்கிய பெண்ணிடம், காயம் ஆறும் முன்பே, 'நீதான் பொறுத்துப் போக வேண்டும், மன்னித்துவிடு' என்று பெரியவர்கள் கூடிப் பேசுவதை நான் மன்னிப்பு என்று ஏற்கமாட்டேன். அது அவளிடமிருந்து பறிக்கப்படுவது. மன்னிப்பு அவளுக்குள், அவளுடைய காலத்தில், யாரும் கேட்காமல் நிகழ வேண்டியது; அது நிகழ்ந்த பிறகும் அவள் அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

மன்னித்ததையும் கேட்பதையும் வெளிப்படுத்துதல்

ஒருவரை மன்னித்துவிட்டதாக அவரிடமே போய் அறிவிக்காதீர்கள். 'நான் உன்னை மன்னித்துவிட்டேன்' என்ற சொல், சொல்பவரை ஒரு படி மேலேயும் கேட்பவரை ஒரு படி கீழேயும் நிறுத்திவிடுகிறது. அடங்கிய வழக்கு மறுபடியும் திறந்துகொள்ளும். நம் வீடுகளில் இதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. பேச்சு நின்றுபோன வீட்டின் விசேஷத்துக்குப் போய்ப் பந்தியில் பரிமாறலாம், உடல்நலம் விசாரிக்கலாம், வழக்கம்போல் 'சாப்பிட்டாயா?' என்று கேட்கலாம்.

தவறு செய்தவர் நீங்களாக இருந்தால் அது வேறு. அப்போது மௌனமும் சாப்பாட்டு விசாரிப்பும் போதாது. 'நான் அன்று பேசியது தவறு' என்று, 'ஆனால்' என்ற சொல் இல்லாமல், முடிந்தால் நேரில் சொல்லுங்கள். வாங்கிய பணம் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். பதிலுக்காக வாசலில் நிற்க வேண்டாம். அவர் முகம் கொடுக்கவில்லை என்றால் அந்த வலியும் உங்களுக்குள் எழும். அதையும், காலையில் அமரும்போது, அது யாருக்கு என்று பாருங்கள்.