அப்பிச்சி நாலு மணிக்கு எழுந்த கதை: ஐயெல்ட்ஸ் ஸ்பீக்கிங்கில் இலக்கணம் திருத்தும் முறை

“மை கிராண்ட்ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபோர். ஹி வில் கோ டு த ஃபீல்ட். ஹி வில் கம் பேக் அண்ட் ஹேவ் ராகி.”

கோபிப் பக்கமிருந்து வந்த ஒரு நர்ஸ் என் முன்னால் உட்கார்ந்து இப்படித்தான் ஆரம்பித்தார். தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்தில் வயல், விடியக் கருக்கலில் தண்ணீர் திருப்பப் போகும் அப்பிச்சி, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரே ஒரு சிக்கல், அந்த அப்பிச்சி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஆங்கிலத்தில் கேட்கிறவருக்கோ அவர் நாளைக் காலையிலும் எழுந்து வயலுக்குப் போகப் போகிறார் என்றே படும்.

திருப்பூரில் சாயங்கால நேரத்தில் சிலருக்கு ஐயெல்ட்ஸ் என்கிற ஆங்கிலத் தேர்வின் ஸ்பீக்கிங், அதாவது பேச்சுப் பகுதியைச் சொல்லிக்கொடுக்கிறேன். நர்ஸ்கள், எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை பார்ப்பவர்கள், இஞ்சினியரிங் முடித்த பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். முக்கால்வாசிப் பேர் கையில் தடித்த இலக்கணப் புத்தகம் ஒன்று இருக்கும், முதல் பாடத்திலிருந்து படித்துக்கொண்டு வருவார்கள், பத்தாவது பாடத்தோடு நின்றுபோயிருக்கும். புத்தகத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் வாயில் வருகிற தவறு எது என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் பிடிக்க வேண்டும், எப்படிப் பிடிப்பது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதலில் தேர்வைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐயெல்ட்ஸ் ஸ்பீக்கிங் மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் ஊர், வீடு, வேலை, பிடித்தது பிடிக்காதது என்று சாதாரணக் கேள்விகள். இரண்டாவதில் தலைப்பு எழுதிய ஒரு கார்டு கொடுப்பார்கள், 1 நிமிடம் யோசித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டு 2 நிமிடம் வரை நீங்களே பேச வேண்டும். மூன்றாவதில் அந்தத் தலைப்பை ஒட்டிப் பொதுவான கேள்விகள். மதிப்பெண் நான்கு விஷயங்களுக்குச் சமமாகப் பிரிகிறது: தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. ஆக இலக்கணம் கால் பங்கு. அந்தக் கால் பங்கிலும் இரண்டு பார்க்கிறார்கள், எத்தனை விதமான வாக்கியம் உங்களுக்கு வருகிறது, அதில் எவ்வளவு தப்பில்லாமல் வருகிறது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பிழையே இல்லாமல் பேசினாலும் ஓரளவுக்கு மேல் ஏற முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

படி 1: பேசிப் பதிவு செய்யுங்கள்

ஒரு கார்டுத் தலைப்பை எடுங்கள். ‘உங்களுக்குப் பிடித்த வயதானவர் ஒருவர்’ என்பது ஆரம்பிக்க நல்ல தலைப்பு. 1 நிமிடம் யோசித்துவிட்டு 2 நிமிடம் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். முன்கூட்டி எழுதி வைத்துப் படிக்காதீர்கள், தப்பு வந்தாலும் நிறுத்தாதீர்கள். எழுதி வைத்துப் பேசினால் உங்கள் எழுத்து இலக்கணம்தான் தெரியும், நமக்கு வேண்டியது வாய் இலக்கணம்.

படி 2: சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள்

பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதினால் திருத்த இடம் இருக்கும். போனில் வாய்ஸ் டைப்பிங் போட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான், ஆனால் சில இடங்களில் அதுவே திருத்தி எழுதிவிடும், நாம் தேடுகிற தப்பே காணாமல் போய்விடும். கையால் எழுதுங்கள். அரை மணி நேரம் ஆகும், சலிப்பாகவும் இருக்கும். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு நன்றாகத் தேறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எழுதிப் பார்க்கும்போது ஒன்று தெரியும். பாதித் தப்பை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். விதி தெரிந்திருக்கிறது, வாய்க்குத்தான் இன்னும் பழகவில்லை. மீதிப் பாதிக்கு மட்டும் விஷயம் தெரிந்த ஒருவரிடம் நோட்டைக் காட்டினால் போதும்.

படி 3: தப்பை இனம் பிரியுங்கள்

சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள், பக்கத்திலேயே அது என்ன இனம் என்று எழுதி எண்ணுங்கள். அந்த நர்ஸ் நோட்டில் 19 தப்பு. அதில் 11 அந்த ஒரே ‘வில்’. ‘எனக்கு கிராமரே வராதுங்க’ என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றைத் திருத்தினால் பாதிக்கு மேல் போய்விடுகிறதே!

படி 4: அந்தத் தப்பு தமிழில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம்.

‘அப்பெல்லாம் எங்க அப்பிச்சி நாலு மணிக்கே எந்திரிச்சிருவாருங்க, வாய்க்காலுக்குப் போவாரு, வந்து கேப்பங்களி தின்பாரு.’ தமிழில் இது சுத்தமான வாக்கியம். போவார், வருவார், தின்பார் என்பது தமிழில் நாளைக்கு நடக்கப் போவதற்கும் வரும், தினமும் நடக்கிற வழக்கத்துக்கும் வரும், அந்தக் காலத்தில் நடந்த வழக்கத்துக்கும் வரும். முன்னால் ‘அப்பெல்லாம்’ என்று ஒரு சொல் போட்டால் போதும், காலம் புரிந்துவிடும். நாம் அந்த வினையை அப்படியே தூக்கி ‘வில்’ என்று போட்டுவிடுகிறோம். ஆங்கிலம் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது.

இப்போதும் தினமும் நடக்கிறதா? சாதாரண நிகழ்காலம்: “மை மதர் குக்ஸ் எவ்ரி மார்னிங்.” அந்த ‘எஸ்’ முக்கியம். அந்தக் காலத்தில் நடந்து இப்போது இல்லையா? “ஹி யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபோர்.” ஒரே ஒரு நாள் நடந்த சம்பவமா? வெறும் இறந்தகாலம்: “ஒன் டே ஹி டுக் மீ டு த கெனால்.”

கதை சொல்லும்போது முதல் வாக்கியத்தில் ‘யூஸ்ட் டு’ போட்டுக் காலத்தை நட்டுவிடுங்கள், அதற்கப்புறம் வருகிற செயல்களுக்கு ‘வுட்’ போடலாம்: “ஹி வுட் வாக் டு த ஃபீல்ட், ஹி வுட் ஓப்பன் த சேனல்.” நாலு தடவை ‘யூஸ்ட் டு’ என்று இழுப்பதைவிட இது அழகாகவும் இருக்கும், இரண்டு விதமான அமைப்பு தெரிந்தவர் என்றும் காட்டும். ஒரு எச்சரிக்கை. ‘வுட்’ செயலுக்கு மட்டும்தான். வைத்திருந்தார், குடியிருந்தார் மாதிரி நிலையைச் சொல்லும் இடத்தில் அது ஒட்டாது. அவரிடம் இரண்டு காளை இருந்தது என்றால் “ஹி யூஸ்ட் டு ஹேவ் டூ புல்லக்ஸ்” என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்தது நம் பக்கத்து மரியாதை. ‘எங்கம்மா டீச்சருங்க, எட்டு மணிக்குக் கிளம்பிருவாங்க’ என்று சொல்லி வளர்ந்த நாக்கு அம்மாவை ‘ஷி’ என்று சொல்லக் கூசும். அதனால் “மை மதர் இஸ் அ டீச்சர், தே கோ டு ஸ்கூல் அட் எய்ட்” என்று வந்துவிடுகிறது. கேட்பவர் இன்னும் யார் யார் கூடப் போகிறார்கள் என்று குழம்புவார். ஆங்கிலத்தில் ‘ஷி’, ‘ஹி’ என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது, தாராளமாகச் சொல்லுங்கள்: “ஷி கோஸ் டு ஸ்கூல்.”

மூன்றாவது, ‘பத்து வருஷமா திருப்பூர்ல இருக்கேன்’. தமிழில் ‘இருக்கேன்’ நிகழ்காலம், அதனால் “ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்” என்று வருகிறது. அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதற்கு ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ வேண்டும்: “ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்.” எவ்வளவு காலம் என்றால் ‘ஃபார்’, எப்போதிலிருந்து என்றால் ‘சின்ஸ்’: “சின்ஸ் 2015.” முதல் பகுதியில் ஊரைப் பற்றியோ வேலையைப் பற்றியோ கேட்டால் இந்த வாக்கியத்துக்கு உடனே வேலை வந்துவிடும், அதனால் இதை முதலிலேயே சரி செய்துவிடுங்கள்.

“ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்” என்பது எல்லோருக்கும் தெரிந்த தப்பு, இருந்தும் வாயை விட்டுப் போகாது. உறவு, உடைமை எல்லாவற்றுக்கும் ‘ஐ ஹேவ்’ மட்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது “ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்” என்பது சரி. அதேபோல நம் ‘தான்’ எல்லா இடத்திலும் ‘ஒன்லி’ ஆகிறது, “ஐ ஆம் ஃப்ரம் ஈரோடு ஒன்லி” என்று. அந்த ‘ஒன்லி’யை எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும்.

‘அ’, ‘த’ இரண்டும் தமிழில் இல்லாத சரக்கு, அவ்வளவு சீக்கிரம் பிடிபடாது. இப்போதைக்கு வேலையைச் சொல்லும்போது “ஷி இஸ் அ நர்ஸ்” என்று ‘அ’ போடப் பழகுங்கள், மீதி கேட்கக் கேட்க வரும்.

படி 5: வாரத்துக்கு ஒரு தப்பு, அதே கதை

ஒரே நேரத்தில் எல்லாத் தப்பையும் கவனித்தால் பேச்சே வராது, திக்கும். இந்த வாரம் ‘யூஸ்ட் டு’ என்றால் அது மட்டும்தான், வேறு எது தப்பினாலும் விட்டுவிடுங்கள். அதே கதையைத் திரும்பச் சொல்லுங்கள். முதல் தடவை 4 நிமிடம், அப்புறம் 3, அப்புறம் 2. நேரம் குறையக் குறைய வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, சரியான வடிவம் தானாக வந்து விழ வேண்டும். கூட யாராவது இருந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆளிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் போன் போதும்.

வாரக் கடைசியில் வேறு தலைப்பில் பதிவு செய்து மறுபடி எண்ணுங்கள். அந்த நர்ஸுக்கு 11 இருந்தது மூன்றாவது வாரம் 2 ஆனது. ஒரு கதையை மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், மனப்பாடப் பதிலைக் கண்டுபிடிக்க எக்ஸாமினர்களுக்குப் பயிற்சி உண்டு.

படி 6: வாக்கியத்தைக் கோக்கப் பழகுங்கள்

இப்போது விதம் விதமான வாக்கியம். தமிழில் ‘நான் படித்த பள்ளிக்கூடம்’ என்று விளக்கம் முன்னால், பெயர் பின்னால். ஆங்கிலத்தில் அப்படியே திருப்புங்கள், பெயர் முன்னால், விளக்கம் பின்னால்: “த ஸ்கூல் வேர் ஐ ஸ்டடீட்”, “அ நெய்பர் ஹூ ரன்ஸ் அ டெய்லரிங் யூனிட்.” நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு சின்ன வாக்கியத்தை எடுத்து இப்படி ஒன்றாக்குங்கள், ஒரு நாளைக்கு ஐந்து போதும். ஒட்டும்போது “த ஸ்கூல் வேர் ஐ ஸ்டடீட் இட் இஸ் நியர் பவானி” என்று நடுவில் ஒரு ‘இட்’ நுழையும், அதைப் பிடித்து வெளியே போடுங்கள். ‘இருந்தாலும்’ என்பதற்கு ‘ஆல்தோ’ போட்டால் பின்னால் ‘பட்’ வேண்டாம், ஒன்று போதும்.

படி 7: சொல் முடிவை விழுங்காதீர்கள்

‘வாக்ட்’ என்பதில் கடைசி ‘ட்’ கேட்கவில்லை என்றால் எக்ஸாமினர் காதில் அது ‘வாக்’. ‘குக்ஸ்’ என்பதில் ‘ஸ்’ போனாலும் அப்படித்தான். மனதுக்குள் இலக்கணம் சரியாக இருந்தும் வெளியே தப்பாகப் போகிறது. பதிவைக் கேட்கும்போது ஒரு தடவை இதற்காக மட்டும் கேளுங்கள்.

படி 8: தேர்வு அறையில்

கேள்வியின் காலத்தைக் காதில் வாங்குங்கள். “டிட் யூ” என்று கேட்டால் இறந்தகாலத்தில் பதில், “டு யூ” என்றால் நிகழ்காலம், “வுட் யூ லைக்” என்றால் “ஐ வுட்”. எந்தக் காலத்தில் பேசுவது என்ற பாதிக் கவலை இதிலேயே தீர்ந்துவிடும். மூன்றாவது பகுதியில் ‘பீப்பிள்’ என்று பொதுவாகப் பேச வேண்டி வரும், அங்கே ‘பீப்பிள் ஆர்’, ‘பீப்பிள் திங்க்’, ‘எஸ்’ வேண்டாம்.

தப்பு வாயில் வந்துவிட்டால் உடனே ஒரு தடவை திருத்திச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்: “ஹி வில், ஹி யூஸ்ட் டு கோ.” அதற்குமேல் ‘சாரி சார், சாரி சார்’ என்று நிற்க வேண்டாம். நாலு வாக்கியம் தாண்டிய பிறகு ஞாபகம் வந்தால் விட்டுவிடுங்கள், வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்திக்கொண்டே போனால் தடையில்லாமல் பேசுவதற்கான மதிப்பெண் குறையும். கேள்வி சரியாகக் கேட்கவில்லை என்றால் ஊகித்துப் பதில் சொல்லாமல் “குட் யூ ரிப்பீட் த கொஸ்டின், ப்ளீஸ்?” என்று கேளுங்கள், திரும்பச் சொல்வார்கள்.