பழைய இலையா, குருத்தா? மீன் தொட்டிச் செடிக்கு என்ன குறை என்று பார்ப்பது எப்படி

கிளிநொச்சிப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைக்கும் வீடுகளில் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகக் கல்சியப் படிவு ஒட்டியிருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் மீன் தொட்டிக்கும் ஊற்றுகிறோம். செடி மஞ்சளித்தால் உரப் போத்தலைத் தேடி ஓடுவதற்கு முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த இலை?

வாடுவது அடியிலுள்ள பழைய இலையா, நுனிக் குருத்தா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். நைதரசன், பொஸ்பரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகியவை செடிக்குள் இடம்மாறும். தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுக்கும். இரும்பும் கல்சியமும் போன இடத்திலேயே தங்கிவிடும். அதனால் அவை குறைந்தால் அடிபடுவது குருத்து. நெல்லின் அடி இலை மஞ்சளித்ததும் யூரியா போட வேண்டும் என்கிற வயற்காரருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

படி 2: என்ன அடையாளம்?

பழைய இலை முழுவதும் மஞ்சளித்தால் நைதரசன் குறைவு. நரம்பு பச்சையாக நிற்க இடையில் மட்டும் மஞ்சளித்தால் மகனீசியம். அதே கோலம் குருத்தில் தெரிந்தால் இரும்பு. குருத்து முறுக்கிக்கொண்டு வந்தால் கல்சியத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் கேத்தில் வெளுக்கும் ஊரில் அது அரிது.

பழைய இலையில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள் விழுந்து, ஓரம் மஞ்சளாகவோ கபிலமாகவோ இருந்தால் பொற்றாசியம். என் ஹைக்ரோபிலாச் செடியில் இப்படி வந்தபோது நத்தைதான் தின்கிறது என்று ஒரு வாரம் இரவில் டோர்ச் அடித்து நத்தை பொறுக்கினேன். நத்தைகள் போயின, ஓட்டைகள் போகவில்லை.

படி 3: கொடுப்பது

பொற்றாசியத்துக்கு, நீரில் முழுதாகக் கரையும் பொற்றாசியம் சல்பேற்று போதும். 45 லீற்றருக்கு 1 கிராம் போட்டால் லீற்றருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் பொற்றாசியம் கிடைக்கும். தனியாகக் கரைத்து, இரண்டு மூன்று நாளில் பிரித்து ஊற்றுங்கள். நைதரசனை அநேகமாக மீன் கழிவே கொடுத்துவிடும். வீட்டில் இருக்கிறதே என்று யூரியாவை மட்டும் போட்டுவிடாதீர்கள்; அது தண்ணீரில் அமோனியாவாக மாறி மீனைக் கொல்லும்.

இரும்புதான் எங்கள் தண்ணீரில் தலையிடி. காரத்தன்மை கூடிய நீரில் இரும்பு துருவாகிப் படிந்துவிடும், செடிக்கு எட்டாது. திரவ உரம் வாங்கினால் லேபலில் டிடிபிஏ (DTPA) என்று இருக்கிறதா பாருங்கள்; இரும்பைப் படியவிடாமல் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் சேர்மம் அது. அதே வேலையைச் செய்யும் ஈடிடிஏ (EDTA) வகையைவிட அது இத்தகைய நீரில் தாக்குப்பிடிக்கும். கிரிப்டோகொரைன், வலிஸ்னேரியா போல வேரால் நன்றாக உறிஞ்சும் செடியென்றால் இன்னொரு வழி உண்டு. உரமோ மருந்தோ படாத செம்மண்ணைப் பிசைந்து கோலிக்குண்டளவு உருட்டிக் காயவைத்து, வேருக்குக் கீழே மணலில் ஆழமாகப் புதையுங்கள். ஒட்சிசன் எட்டாத அடியில், நீர் கட்டிய வயற்சேற்றில் நடப்பதுபோல, மண்ணிலுள்ள இரும்பு கொஞ்சங் கொஞ்சமாகக் கரையும். ஜாவா பன்னத்துக்கு இது உதவாது, அதை மண்ணில் நடுவதே இல்லை.

படி 4: பொறுத்திருப்பது

ஓட்டை விழுந்த இலை திரும்பப் பச்சையாகாது. வெட்டி எறியுங்கள். அப்புறம், உரம் போட்ட அன்று தண்டின் உச்சி இலைக்குக் கீழே ஒரு நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து நூலுக்கு மேலே வந்த இலைகளை மட்டும் பாருங்கள்.