அரைப்பேர் போட்ட ஸ்வெட்டர்கள்: வூல் சேர்ப்பவர்களுக்கு ஒரு செக்ரோல்

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் துணி கிடையாது, வூல்தான். போன பெப்ரவரியில் ஒரு போயா லீவில் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டு நிறுத்தேன். 6 கிலோ 400 கிராம். அதோடு ஊசியில் பாதியில் நிற்கிற பின்னல் வேலைகள் 11. அம்மா வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் அரைப்பேர்தான் போட்டு வச்சிருக்க" என்றார்.

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல் புரியாது. தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்குப் பாதி நாள் சம்பளம்தான் விழும். அதுதான் அரைப்பேர். அது எழுதப்படும் பதிவேடு செக்ரோல். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் உறைக்கவும் செய்தது. அன்று மாலையே ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, மேலட்டையில் 'செக்ரோல்' என்று எழுதினேன்.

வாங்குவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. கொழும்புக்குப் போனால் புறக்கோட்டையை எட்டிப் பார்க்காமல் நானே வருவதில்லை. திரும்பி வரும் ரயிலில் மடியில் ஒரு பை இருக்கத்தான் செய்யும். ஆனால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சேர்த்தால், இருப்பதையே மறுபடி வாங்குவோம். என்னிடம் ஒரே பச்சையில் நான்கு உருண்டை வந்து சேர்ந்தது அப்படித்தான்.

கண்ணி ஏற்றவும், நிட், பர்ல் என்கிற இரண்டு அடிப்படைப் பின்னலும் போடவும் தெரிந்தால் போதும், இதைச் செய்யலாம். சமையலறைத் தராசு (கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு நல்லது), அடிமட்டம், கொப்பி, பேனை, சிப் பைகள், ஒரு தீப்பெட்டி. இவ்வளவுதான் தேவை.

படி 1: வெயில் பார்த்து வெளியே எடுங்கள்

கட்டிலுக்கடியில் இருப்பது, பிஸ்கட் டின்னுக்குள் இருப்பது, பழைய கைப்பையில் மறந்துபோனது என்று எல்லாவற்றையும் ஒரே பாயில் கொட்டுங்கள். நாள் பார்த்துச் செய்யுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. அந்த ஈரத்தோடு வூலைப் பையில் போட்டு மூடினால் பூஞ்சண நாற்றம் பிடித்துவிடும், பிறகு எத்தனை முறை கழுவினாலும் லேசில் போகாது. பண்டாரவளை, பதுளைக்காரர்கள் கார்த்திகை, மார்கழி மழையைத் தவிர்க்க வேண்டும். மாசி வெயில் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். நேர் வெயிலில் நாள் முழுக்கப் போடாதீர்கள், சாயம் மங்கும். இரண்டு மணி நேரம் காற்றாட விட்டால் போதும்.

படி 2: இது என்ன நூல்?

கடையில் எல்லாமே 'வூல்'தான். உண்மையில் நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக், அதாவது செயற்கை இழை. லேபிள் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் 5 சென்ரிமீற்றர் நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். ஆட்டு ரோமம் என்றால் முடி கருகும் வாசனை வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கலாம். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கறுப்பாகக் கெட்டியான மணி போல நிற்கும். பருத்தி, கடதாசி எரிகிற மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும். சிறு பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இந்தச் சோதனை வெறும் விளையாட்டு இல்லை. ரோமத்தைச் சுடுதண்ணீரில் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். அக்ரிலிக்கில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பின்னல் துவண்டு உயிரில்லாமல் போகும். எது எது என்று தெரியாமல் கழுவவும் முடியாது, இரண்டையும் ஒரே ஸ்வெட்டரில் கலக்கவும் முடியாது.

படி 3: தடிப்பும் நீளமும்

தடிப்புக்கு: நூலை அடிமட்டத்தைச் சுற்றி, இழுக்காமல், பக்கத்தில் பக்கமாக ஒரு அங்குலத்துக்குச் சுற்றி எண்ணுங்கள். 11, 12 சுற்று வந்தால் ஏறக்குறைய டபுள் நிட்டிங் என்கிற நடுத்தர நூல். 14க்கு மேல் போனால் 4 ப்ளை வகை மெல்லிய நூல். 7 அளவில் நின்றால் தடித்த நூல், தொப்பிக்கும் கழுத்துச் சால்வைக்கும் சுகமாக இருக்கும். தொடங்குகிறவர்களுக்கு டபுள் நிட்டிங்தான் நல்லது என்பேன். கண்ணி கண்ணுக்குத் தெரியும், வேலையும் ஒரு வழியாக முடியும்.

நீளத்துக்குத் தராசு போதும். லேபிளில் 50 கிராம், 120 மீற்றர் என்று இருக்கிறது, உங்களிடம் மிஞ்சியது 32 கிராம் என்றால், 32ஐ 50ஆல் வகுத்து 120ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 77 மீற்றர். லேபிள் இல்லாத நூலில் 10 மீற்றர் அளந்து வெட்டி நிறுத்தால் அதே கணக்குத்தான். தராசு சின்ன நிறையைச் சரியாகக் காட்டவில்லை என்றால் 20 மீற்றராக எடுங்கள்.

படி 4: செக்ரோலில் ஏற்றுங்கள்

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரி. நிறம், என்ன இழை, தடிப்பு, கிராம், மீற்றர், எங்கே வாங்கியது, என்ன நினைத்து வாங்கியது. கடைசி விடயம் எழுதும்போது பல நூல்களுக்குப் பதிலே இருக்காது. பரவாயில்லை, 'அழகாக இருந்தது' என்று எழுதுங்கள். அதுவும் காரணம்தான்.

இதில் தவறவே விடக்கூடாதது லொட் இலக்கம். லேபிளில் நிறத்தின் இலக்கத்துக்குப் பக்கத்தில் இன்னொரு இலக்கம் இருக்கும். ஒரே தொட்டியில் சாயமிட்ட நூல்களுக்கு மட்டும் அது ஒன்றாக இருக்கும். ஒருமுறை ஒரு கடையில் மெரூன் நிறத்தில் ஆறு உருண்டை வாங்கினேன். ஐந்து ஒரு லொட், ஒன்று வேறு லொட். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றுபோல இருந்தது. ஸ்வெட்டரின் இடது கை முடிந்து, முற்றத்துக்குக் கொண்டுபோய் விரித்த பிறகுதான் முழங்கைக்குக் கீழே வேறு ஆளின் கை மாதிரித் தெரிந்தது. இப்படிக் கலந்து வந்துவிட்டால், இரண்டு உருண்டையையும் வைத்துக்கொண்டு இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள். வித்தியாசம் கரைந்துவிடும்.

எழுதியதும் லேபிளையும் ஒரு சாண் நூலையும் அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கடைக்கு உருண்டையைத் தூக்கிப் போகாமல் கொப்பியோடு போகலாம்.

படி 5: பூச்சிக்கும் ஈரத்துக்கும் நடுவில்

ரோம நூலைத் தின்பது பறக்கிற பூச்சி இல்லை, அதன் புழு. சுத்தமான அக்ரிலிக்கை அது சீண்டாது. அதனால் சந்தேகம் இருக்கிற ரோம நூலை மட்டும் பொலித்தீனில் சுற்றி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால் நீர்த்துளி நூலில் படியாது. கறுவாப்பட்டை, கராம்பு போட்டு வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வாசனை நன்றாக இருக்கும், ஆனால் ஏற்கெனவே இருக்கிற முட்டையை அது ஒன்றும் செய்யாது. மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் சேர்த்து, பைக்கு ஒன்று போடுங்கள்.

இடையில் ஒரு பேச்சு: பேல் பஜார் வூல்

நுவரெலியா பேல் பஜாரில் குளிருடை தேடிப் போகிறவர்கள் ஒரு பக்கம், என்னைப் போல நூல் தேடிப் போகிறவர்கள் ஒரு பக்கம். ஒரு பழைய பெரிய ஸ்வெட்டரைப் பிரித்தால் 400 கிராம் நூல் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் எல்லாவற்றையும் பிரிக்க முடியாது. வாங்குமுன் உட்புறத்தைத் திருப்பி, பக்கத் தையலைப் பாருங்கள். ஓரத்தில் ஓவர்லொக் அடித்திருந்தால் அது வெட்டித் தைத்தது. பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டாக வரும், வைத்துவிடுங்கள். ஓரம் வெட்டாமல் சங்கிலி போல ஒழுங்காக இருந்தால் எடுங்கள். கம்பளித் துணி மாதிரி இறுகிச் சுருங்கியதும் வேண்டாம், பிரியாது.

வீட்டில் முதலில் தையலை மட்டும் வெட்டிப் பாகங்களைப் பிரியுங்கள். பெரும்பாலும் கீழிருந்து மேலே பின்னியிருப்பார்கள், அதனால் பிரிப்பது கழுத்து, தோள் பக்கத்திலிருந்து. கீழிருந்து இழுத்தால் சிக்கிக்கொண்டு நாள் போய்விடும். வருகிற நூலைக் கதிரையின் முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஷம்பூ விட்டு 20 நிமிடம் ஊறவையுங்கள். முறுக்காமல் துவாயில் வைத்து அமுக்கிக் கொடியில் மாட்டினால் சுருள் எல்லாம் நீங்கும். பனிமூட்ட நாளில் காய மூன்று நாள் எடுக்கும், அவசரப்பட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு நான் ஒரு வெள்ளை நூலைப் புகை நிறமாக்கினேன். இந்த நூல் மெல்லியதாக இருந்தால் இரண்டு இழையைச் சேர்த்துப் பின்னலாம்.

படி 6: அரைப்பேர்களைத் தீர்த்து வையுங்கள்

இப்போது பாதி வேலைகள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இன்று இரவு இதைத் தொடர ஆசை வருகிறதா? வருகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லை, ஆனால் நூல் பிடிக்கிறது என்றால் பிரித்து உருண்டையாக்குங்கள். இரண்டும் இல்லை என்றால் பின்னத் தெரிந்த யாருக்காவது கொடுத்துவிடுங்கள். என்னுடைய 11இல் ஐந்து பிரிந்தது, இரண்டு அத்தை வீட்டுக்குப் போனது. பிரிக்கும்போது மனசு கொஞ்சம் வலிக்கும், இரண்டாவது வரிசைக்குப் பிறகு சுகமாகவே இருக்கும்.

ஊசி தேவைப்படுகிறது, வேலையும் வேண்டும் என்றால், கண்ணிகளை ஒரு வழுவழுப்பான பருத்தி நூலில் கோத்து முடிச்சுப் போட்டு ஊசியை விடுவியுங்கள். எந்த ஊசி என்று உடனே எழுதுங்கள். இதை எழுதாமல் நான் பட்டது சின்னக் கஷ்டம் இல்லை.

அம்மா வைத்திருந்த பழைய ஊசிகளில் இருப்பது பழைய ஆங்கில இலக்கம். அதில் 8 என்றால் 4 மில்லிமீற்றர். அமெரிக்க இலக்கத்தில் 8 என்றால் 5 மில்லிமீற்றர். தம்பிக்கான ஸ்வெட்டரின் முதுகை 99 கண்ணியில் 4 மி.மீ. ஊசியால் முடித்தேன். 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி, அகலம் 45 சென்ரிமீற்றர். நான்கு மாதம் கழித்து முன்பக்கத்தை எடுத்தபோது, '8' என்று போட்ட இன்னொரு ஊசி கையில் அகப்பட்டது. 10 சென்ரிமீற்றருக்கு 18 கண்ணிதான் விழுந்தது. அதே 99 கண்ணி, அகலம் 55. தம்பி அதைப் போட்டுப் பார்த்து, முன்னால் ஒரு குழந்தையை வைத்துக்கொள்ளலாம் என்றான். அதிலிருந்து மில்லிமீற்றரில் மட்டும்தான் எழுதுகிறேன்.

படி 7: கையில் மூன்று, அதற்கு மேல் இல்லை

ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டு முடிக்கச் சொல்கிற ஆட்கள் உண்டு. அவர்கள் வேறு பிறவி. நமக்கு மூன்று சரியாக வரும், ஆனால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது.

ஒன்று பஸ் வேலை. ஹட்டனிலிருந்து நுவரெலியா போகிற பாதையில் வளைவுக்கு வளைவு நீள ஊசி பக்கத்து ஆளின் விலாவில் குத்தும். வட்ட ஊசி (இரண்டு குட்டை ஊசிகளை ஒரு வயர் இணைக்கும்) வைத்துக்கொள்ளுங்கள், கைதவறினாலும் கண்ணியோடு மடியில்தான் விழும். குழந்தைத் தொப்பி போல 30 கிராமுக்குள் முடிகிற ஒன்று போதும்.

இரண்டாவது பேச்சு வேலை. டீவி பார்க்கும்போதும், அக்கா வந்து ஊர்க்கதை சொல்லும்போதும் கை தானாகப் போக வேண்டும். எல்லா வரிசையும் நிட் போடுகிற சால்வை, இல்லாவிட்டால் மிச்ச நூலில் 10 சென்ரிமீற்றர் சதுரங்கள். நிறையச் சேர்ந்ததும் இணைத்தால் போர்வை.

மூன்றாவது தலை வேலை. மாதிரிப் படம் பார்த்து எண்ணிப் பின்னுவது. வீடு அடங்கிய பிறகு, ஒரு பிளேன்டீயோடு. இதற்கு ஒவ்வொரு 10 வரிசைக்கும் ஒரு மெல்லிய தையல் நூலை எல்லாக் கண்ணியிலும் ஊடாகக் கோத்து விடுங்கள். தப்பு நடந்தால் அந்த நூல் வரை தைரியமாகப் பிரிக்கலாம், அதற்குக் கீழே கண்ணி கழராது.

மூன்றுக்கும் தனித்தனிப் பை. பைக்குள் வூல், ஊசி, ஒரு துண்டுக் காகிதம். நிறுத்தும்போது வரிசையை முடித்துவிட்டே நிறுத்துங்கள், பாதி வரிசையில் நிறுத்தினால் நடுவில் கண்ணி இழுபட்டு ஒரு கோடு தெரியும். காகிதத்தில் எந்த வரிசை, அடுத்தது என்ன என்று எழுதுங்கள். 'நாளைக்கு ஞாபகம் இருக்கும்' என்று தோன்றும். இருக்காது.

ஒன்று முடிந்ததும் மிச்சத்தை நிறுத்துச் செக்ரோலில் திருத்துங்கள். இரண்டு மீற்றரை மட்டும் உட்தையலில் சுற்றித் தைத்து விடுங்கள், எங்காவது ஓட்டை விழுந்தால் அதே நூல் கைவசம் இருக்கும். பிறகுதான் நான்காவதுக்குக் கண்ணி ஏற்றலாம்.

என்னுடைய இன்றைய கணக்கு: 5 கிலோ 900 கிராம், ஊசியில் மூன்று. சனிக்கிழமை நுவரெலியாவிலிருந்து தூக்கி வந்த பழுப்பு ஸ்வெட்டரை இன்னும் நிறுக்கவில்லை.