பக்கத்து சீட்டுக்காரரிடம் இயேசுவைப் பற்றிப் பேசப் பயமா? இப்படித் தொடங்கிப் பாருங்கள்

சபையில் சாட்சி சொல்லச் சொன்னால் மைக்கை விடாதவர்கள்கூட, ஆபீஸில் யாராவது "நீங்க கிறிஸ்டியனா?" என்று கேட்டதும் "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸுக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். விசுவாசம் குறைவு என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். கொரிந்துவுக்குப் போனபோது பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்ததாகப் பவுலே எழுதியிருக்கிறார் (1 கொரிந்தியர் 2:3). பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் பேசவே மாட்டோம்.

படி 1: எது பயம் என்று எழுதுங்கள்

பொதுவாக மூன்றில் ஒன்றாக இருக்கும். கேள்வி கேட்டால் பதில் தெரியாது, பழக்கம் கெட்டுவிடும், ஏதாவது பிரச்சனை ஆகிவிடும். இவற்றில் முதலாவதுதான் நிறைய பேரை வாயடைக்கிறது, அதற்குக் காரணம் வாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்று நாமாகவே தலையில் ஏற்றிக்கொள்வது. யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இயேசுவால் பார்வை பெற்ற மனிதனைப் பரிசேயர் என்ற யூத மதத் தலைவர்கள் குடைந்து குடைந்து கேட்கிறார்கள். இயேசு பாவியா என்று கேட்டதற்கு அது எனக்குத் தெரியாது என்கிறான், குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், அது ஒன்றுதான் தெரியும் என்று முடித்துக்கொள்கிறான். உங்கள் வேலையும் அவ்வளவுதான், தெரிந்ததைச் சொல்வது.

படி 2: உங்கள் கதையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

முன்னால் எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். வாசித்தால் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பெரிய அற்புதம் எதுவும் இல்லையே என்று தயங்காதீர்கள், எதையும் கூட்டியும் சொல்லாதீர்கள்.

எழுதியதை வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் வாசித்துக் காட்டுங்கள். அவன் "அப்படின்னா?" என்று கேட்கிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். "கர்த்தர் என் கட்டுகளை அறுத்து மகிமையாய் நடத்தினார்" என்பது சபையில் செல்லும், வெளியில் செல்லாது. "சொத்துத் தகராறுல தம்பியோட ரொம்ப நாளா பேச்சே இல்லைங்க. ஒரு நாள் ஜெபம் பண்ணிட்டு இருந்தப்ப அவனுக்கு போன் பண்ணணும்னு தோணிச்சு, பண்ணிட்டேன்" என்றால் யாருக்கும் புரியும். அடுத்த கேள்வியை அவரே கேட்பார்: "தம்பி என்ன சொன்னாரு?"

படி 3: ஒரே ஒருவர்

ஊருக்கே சொல்ல வேண்டாம். ஏற்கெனவே பழக்கமான ஒருவரை மனதில் வைத்து, அவர் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபியுங்கள். அப்புறம் அவர் பேசுவதைக் கேளுங்கள், இதை அவசரமில்லாமல் செய்யுங்கள். டேனிஷ் மன்னர் அனுப்பி 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார். அவரை 1708-இல் சிறையில் அடைத்தது ஊர்க்காரர்கள் இல்லை, கோட்டையில் இருந்த டேனிஷ் தளபதி. தடை சில சமயம் நம் ஆட்களிடமிருந்தே வரும், "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று வீட்டிலேயே சொல்வார்கள், தயாராக இருங்கள்.

படி 4: கேட்டுவிட்டுப் பேசுங்கள்

வாய்ப்பு பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில் வரும்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி கண்ண மூடிக்கிறீங்களே, என்ன சொல்வீங்க?"

"நன்றி சொல்லுவேங்க. அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, ரெண்டு நிமிஷம் சொல்லட்டுமா?"

"இன்னொரு நாள் பார்ப்போம்" என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். சொல்லச் சொன்னால் சொல்லுங்கள், சொன்னதும் நிறுத்துங்கள். தொடக்கத்தில் எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான், கதை முடிந்த கையோடு பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 5: வழக்கமான கேள்விகள்

"எல்லா சாமியும் ஒண்ணுதானே?" என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். "நீங்க அப்படி நினைக்கிறது புரியுதுங்க. எனக்கு இயேசுகிட்டதான் மன்னிப்பு கிடைச்சுது, அதைத்தான் சொன்னேன்" என்பது போதும். அவருடைய சாமியைப் பற்றி ஒரு வார்த்தை தாழ்வாகப் பேசினாலும் எல்லாம் கெட்டது. "மதம் மாத்தப் பார்க்கிறீங்களா?" என்றால் சிரித்து மழுப்ப வேண்டாம், "இல்லைங்க, என் கதையைச் சொன்னேன், முடிவு உங்களுது" என்று நேராகச் சொல்லுங்கள். பதில் தெரியாத கேள்விக்கு "தெரியலைங்க, படிச்சுட்டு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே படித்துவிட்டு வாருங்கள்.

படி 6: எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது, பொது ஒழுங்குக்கு உட்பட்டு. அந்த உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் நீக்கப்பட்டது, ஆனால் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ஒடிசா போன்ற மாநிலங்களில் தனிச் சட்டம் இருக்கிறது, அங்கே வேலை பார்ப்பவர்கள் அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பணம், வேலை, ஸ்கூல் சீட் எதையும் இதோடு முடிச்சுப் போடாதீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடமும், உங்களிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகளிடமும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள், அவர்களால் உங்களிடம் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவருக்கு முதலில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள்.

படி 7: அதற்குப் பிறகு

தினமும் காலையில் வசனம் ஃபார்வர்டு செய்யாதீர்கள், மியூட் செய்துவிடுவார்கள். ஆர்வமாக இருக்கிறார் என்று தெரிந்தால் மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள், 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சின்னது. சபைக்கு வரக் கேட்டால் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் ஆராதனை எத்தனை மணி நேரம் நடக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், புதிதாக வந்தவரை முன்னால் எழுப்பி நிறுத்திக் கைதட்ட வேண்டாம் என்று போதகரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.