பெரிய பிளான் போட்டும் நெட் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?

நெட் மெதுவாக இருக்கிறது என்றதும் பல வீடுகளில் முதலில் செய்வது, அடுத்த பெரிய பிளானுக்கு மாறுவது. பெரும்பாலும் அது வீண் செலவு. வாசல் வரை வேகம் சரியாகத்தான் வருகிறது, வீட்டுக்குள்தான் குறைகிறது.

அதைச் சோதிப்பதிலும் தவறு நடக்கிறது. படுக்கையறையில் இருந்தபடி போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் தெரிவது அந்த இடத்து வைஃபையின் வேகம்தான். லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரூட்டரோடு இணைத்து, காலையில் ஒருமுறை, இரவு ஒன்பது மணி வாக்கில் ஒருமுறை பாருங்கள். கேபிளில் 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) வந்து போனில் 30தான் வருகிறது என்றால், பிளானை மாற்றிப் பயனில்லை. டிவி அலமாரிக்குள்ளோ பரணிலோ இருக்கும் ரூட்டரை எடுத்து, வீட்டின் நடுவில் கொஞ்சம் உயரமாக வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் வைஃபை வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினாலே தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. அடுக்குமாடி என்றால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதில்தான் நெருக்கியடிக்கும். கேபிளிலேயே 95க்கு மேல் ஏறவில்லையா? ரூட்டரிலோ லேப்டாப்பிலோ உள்ள லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டினாலும் வேகம் அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு குழப்பம், கணக்கு. பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடு ஆகும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் அது முழு வேகம்தான், யாரும் ஏமாற்றவில்லை.

சரி, எவ்வளவு வேகம் போதும்? 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 100 தாராளம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் அப்லோடு வேகத்தைக் கேட்காமல் விடுவதுதான் பெரிய தவறு. ஃபைபரில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே வேகம் கிடைக்கும். 5ஜி சிக்னலில் ஓடும் ஏர்ஃபைபரில் அப்லோடு குறைவாகவே இருக்கும். மீட்டிங்கில் உங்கள் முகம் உறைந்து நிற்பதற்கு அதுவே காரணமாகலாம். ஃபைபர் வரும் தெருவில் ஏர்ஃபைபருக்குப் போக வேண்டாம் என்பேன்.

'அன்லிமிடெட்' என்பதை அப்படியே நம்பாதீர்கள். பல ஃபைபர் பிளான்களில் மாதம் 3,300 ஜிபி, பல ஏர்ஃபைபர் பிளான்களில் 1,000 ஜிபி. அதைத் தாண்டினால் வேகம் சில எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். விலையிலும் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துப் பாருங்கள்: 999 ரூபாய் பிளானுக்கு 1,179 கட்ட வேண்டும்.

எந்தக் கம்பெனி நல்லது என்று இணையத்தில் தேடுவதைவிட, உங்கள் தெருவிலேயே விசாரியுங்கள். ஒரே கம்பெனி ஒரு தெருவில் அருமையாக இருக்கும், அடுத்த தெருவில் அழவைக்கும். எவ்வளவு வேகம் என்று மட்டும் கேட்காமல், மழையிலோ சாலை தோண்டியபோதோ ஒயர் அறுந்தால் எத்தனை நாளில் ஆள் வந்தார்கள் என்று கேளுங்கள். இன்ஸ்டலேஷன் இலவசம் என்கிற ஆசையில் முதல் நாளே ஆண்டுக் கட்டணம் கட்டிவிடாதீர்கள். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, இரவு வேகம் திருப்தியாக இருந்தால் அப்புறம் கட்டலாம்.